ஏப்ரன் பையில் ஒரு மகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு மருத்துவமனை அழுக்குத்துணி எப்படி மணக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு வாசிப்பவர்களாக இருக்கலாம். ஆனால் அந்த மணத்துக்குள் நின்றுதான் நாங்கள் எங்கள் சாப்பாட்டைச் சம்பாதிக்கிறோம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நீலப் பைகள் மேலேயிருந்து பெல்ட்டில் தொப்பென்று விழும். விரிப்பு ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம், துவாய் ஒரு பக்கம், நோயாளிகளின் மேலங்கி இன்னொரு பக்கம் என்று ஓடுகிற பெல்ட்டிலிருந்து பிரித்து எறிய வேண்டும். எல்லாம் நனைந்து கனத்துப்போய் வரும். எதில் நனைந்தது என்று ஆராயக்கூடாது. கரண்டி வரும், பொய்ப்பல் வரும், காதுக் கருவி வரும். ஒருமுறை செபமாலை வந்தது. அடிக்கடி ஊசியும் வரும். எந்தத் தாதி எந்த அவசரத்தில் விட்டாளோ, அது துணி மடிப்புக்குள் ஒளிந்து எங்கள் கைக்கு வந்துசேரும்.

ஸ்காபரோவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் லோண்டரி. வெளியே உறைபனி, உள்ளே வியர்வை. நான் அன்ரனெற், மன்னார்க்காரி. மோர்னிங்சைட்டில் முதல் பஸ்ஸில் ஏறுவேன். அடுத்த தரிப்பில் மரிவிக் ஏறுவாள். பிலிப்பைன்ஸில் பத்தங்காஸ் என்ற ஊர்க்காரி. ஒரே கோயிலில் பூசை காண்கிறோம், ஒரே பெல்ட்டில் அழுக்குப் பிரிக்கிறோம். என்னை 'ஆத்தே' என்பாள். அவர்கள் மொழியில் அக்கா. நாங்கள் பேசுவது இரண்டு பேருக்கும் அரைகுறையான ஆங்கிலம். அதை இங்கே என் தமிழில் தருகிறேன், அது அவளுக்கும் நல்லது எனக்கும் நல்லது.

முன்பு எங்களுக்குத் தடித்த கையுறை இருந்தது. ஊசி இலகுவில் ஏறாத வகை. பிறகு முதலாளி மூர்த்தி அண்ணை, முழுப்பெயர் விநாயகமூர்த்தி, அடிமாட்டு விலைக்குப் புதிதாக ஒரு மருத்துவமனையைப் பிடித்தார். பிடித்த கையோடு பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். நான்கு பேர் நின்ற இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினார். தமிழ்ப் பெண்களுக்குக் கிழமையில் ஒரு நாளை வெட்டினார். தடித்த கையுறையோடு அந்த வேகத்துக்கு விரல் ஓடாது என்று அதையும் எடுத்துவிட்டு, வீட்டில் இறைச்சி வெட்டப் போடுகிற மெல்லிய கையுறையைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். மணித்தியாலச் சம்பளத்தில் நான் கை வைக்கவில்லையே என்று எங்களுக்கே பெருமையாகவும் சொன்னார்.

ஃபோனையும் நிறுத்தினார். அதுதான் பிலிப்பினோப் பெண்களை ஆட்டிவிட்டது.

அவர்களுக்கு ஒரு பழக்கம். வேலை தொடங்கும்போது வீட்டுக்கு வீடியோவில் எடுத்து, துவாய் அடுக்கில் ஃபோனைச் சாய்த்துவைத்துவிடுவார்கள். பேசமாட்டார்கள். இங்கே விடிகிற நேரம் அங்கே பொழுது சாய்கிற நேரம். அங்கே சோறு வேகும், பிள்ளை படிக்கும், யாரோ நாயை விரட்டுவார்கள். இங்கே இவர்கள் துணி மடிப்பார்கள். மணிக்கணக்காக அப்படியே திறந்து கிடக்கும். "கதைக்காமல் எதுக்கடி ஃபோன்?" என்று நான் கேட்டதுண்டு. எங்கள் ஆட்கள் ஃபோன் எடுத்தால் என்ன சமைத்தாய் என்று தொடங்கி ஒரு சண்டையோடு வைத்துவிடுவார்கள். மரிவிக் சொன்னாள், "வீட்டிலை இருந்தால் எந்த நேரமும் கதைச்சுக்கொண்டா இருப்பீங்கள், ஆத்தே? சும்மாதானே இருப்பீங்கள். அதுதான்."

தடை வந்த அடுத்த நாளே மரிவிக் தன் ஏப்ரனில் வயிற்றுப் பக்கமாக ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பை தைத்துக்கொண்டு வந்தாள். ஃபோன் அதற்குள். கமெரா வெளிப்பக்கம். மேலே துணி மடிப்பு ஒன்று மறைக்கும். மகள் ஜெனலினுக்கு இனித் தாயின் முகம் தெரியாது. பெல்ட்டும் தாயின் இரண்டு கைகளும்தான் தெரியும். மாதக்கணக்காக அந்தப் பெண் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே தாதிப் படிப்புப் படித்தாள்.

மரிவிக் புறப்பட்டு வரும்போது ஜெனலின் பள்ளிக்கூடச் சிறுமி. வளர்த்தது மரிவிக்கின் தங்கை. 'நானாய்' என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அந்தச் சொல் வளர்த்த சித்திக்குப் போய்விட்டது. பெற்றவளுக்கு ஆங்கிலத்து 'மம்மி'. இதை மரிவிக் என்னிடம் சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவள் நோர்த் யோர்க்கில் யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பல் தேய்த்து, தலை இழுத்து, தூங்கவைத்து வளர்த்துவிட்டவள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த வீட்டு வேலை முடிந்து இந்த லோண்டரி பெர்மிட்டில் வந்து மாட்டினாள். இந்த முதலாளியை விட்டால் வேறு இடத்தில் வேலை செய்ய முடியாத பெர்மிட். அவள் அனுப்பிய காசில் அங்கே ஓட்டுக் கூரை ஏறியது, தங்கைக்குக் கடை வந்தது, மகள் தாதியாகப் படிக்கிறாள். படித்து என்ன செய்வாள்? அவளும் ஒருநாள் வெளிநாட்டுக்கு ஏறுவாள். நாங்கள் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தோம். அங்கே சண்டையும் இல்லை, குண்டும் இல்லை, ஆனாலும் வீட்டுக்கு ஒருத்தி குறைகிறாள். இதற்கு யாரைப் பிடித்துக் கத்துவது என்று தெரியாமல் நான் துணியைத்தான் ஓங்கி எறிவேன்.

மரிவிக்குக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க வேண்டும், அதில் மகளையும் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வயதானால் பிள்ளை பிள்ளை இல்லை என்கிறது இந்த நாட்டுச் சட்டம். ஜெனலினுக்கு இருபத்தொன்று நடக்கிறது. விண்ணப்பத்துக்கு முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும். "தாறன், தாறன்" என்று மூர்த்தி அண்ணை இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை பெல்ட்டில் ஒரு மேலங்கி சுருண்டு வந்தது. மரிவிக் அதைப் பிடித்து உதறினாள். உதறிய கை அப்படியே நின்றது. நான் எதிர்ப்பக்கத்தில் நின்றதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மம்மி! ஊசி! மம்மி, அது ஊசி!"

இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி வந்தது அந்தச் சத்தம். மரிவிக் ஏப்ரனுக்குள் கையை விட்டு அழைப்பைத் துண்டித்தாள். நீலக் கையுறைக்குள் பெருவிரல் பக்கம் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. ஊசி மேலங்கியின் பொக்கற்றில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தே," என்றாள். "சொல்லாதேங்கோ."

"உனக்கு விசரா?"

"ரிப்போட் போனால் சேர் கடிதம் தரமாட்டார். இரத்தத்திலை ஏதும் இருக்குதெண்டு வந்தால் இமிகிறேசன் மெடிக்கலும் போச்சு. சின்னக் காயம் ஆத்தே. கழுவிப்போட்டு வாறன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சுவரோரத்துக் குழாயில் அவள் கழுவிக்கொண்டு நிற்கையில் என் ஃபோன் அதிர்ந்தது. ஒருமுறை கோயிலில் தன் ஃபோன் செத்துப்போனபோது மரிவிக் என்னுடையதில் வீட்டுக்குப் பேசியிருந்தாள். அந்த இலக்கத்தை ஜெனலின் வைத்திருக்கிறாள். காதில் வைத்தேன்.

"ஆத்தே அன்ரனெற், ஊசியிலை இரத்தம் இருந்தது. நான் கண்டனான். அது ஆரின்ரை இரத்தம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தடுப்பு மருந்து இருக்கு, ஆனால் உடனை தொடங்க வேணும். நாளைக்குப் பாப்பம் எண்டு விடக்கூடாது. மம்மி எனக்கு ஃபோனை எடுக்கிறா இல்லை. எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது. உங்களைத்தான் தெரியும்."

இதற்குப் பிறகு நான் என்ன செய்ய? பெல்ட்டுக்கு மேலே நீளமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடுகிறது. அவசரத்துக்கு இழுப்பது. பிடித்து இழுத்தேன். பெல்ட் ஒரு உறுமலோடு நின்றது. தொழிற்சாலைக்குள் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

மூர்த்தி அண்ணை கோப்பிக் கோப்பையோடு படியிறங்கி வந்தார். நெற்றியில் திருநீறு. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். செத்த வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர். ஆனால் செத்த வீட்டில்தான்.

"ஆர் பெல்ட்டை நிப்பாட்டினது?"

"நான்தான் அண்ணை. மரிவிக்குக்கு ஊசி குத்திப்போட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். கொண்டு போகவேண்டியது நீங்கள்."

அவர் மரிவிக்கைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஓகே சேர் மூர்த்தி, ஒண்டுமில்லை," என்று மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடுங்கி அழுக்குப் பைக்குள் போடலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

"கேட்டியே தங்கச்சி? அவளே ஒண்டுமில்லை எண்டுறாள். லொறி ஏழு மணிக்கு வெளிக்கிட வேணும். பெல்ட்டைப் போடு."

"அந்தக் கையுறையோடை நாங்கள் போடமாட்டம்."

"நானும் உந்தப் பெல்ட்டிலை நிண்டவன்தான். எனக்கு ஆர் கையுறை தந்தது?"

"அதுதான் அண்ணை கேக்கிறன். நிண்ட உங்களுக்கே தெரியேல்லையெண்டால் வேறை ஆருக்குத் தெரியும்?"

அவர் குரலைத் தணித்தார். பிலிப்பினோப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து சுற்றி நின்றார்கள். தமிழ்ப் பெண்கள் மடிக்கிற மேசைப் பக்கம் தனியாக நின்றார்கள். எப்போதும் அப்படித்தான் நிற்போம்.

"இஞ்சை பார், உனக்குத் தமிழிலை சொல்லுறன். இவளவை பெர்மிட்டிலை வந்தவளவை. இண்டைக்கு இவள், நாளைக்கு இன்னொருத்தி. நீங்கள் எங்கடை ஆக்கள்."

நான் பிலிப்பினோப் பெண்களின் பக்கம் திரும்பி உரத்த ஆங்கிலத்தில் சொன்னேன், "மூர்த்தி அண்ணை சொல்லுறார், நீங்கள் பெர்மிட்டிலை வந்தவையாம். இண்டைக்கு மரிவிக் போனால் நாளைக்கு இன்னொருத்தியாம்."

"ஏய், என்ன செய்யிறாய்?"

"மொழிபெயர்க்கிறன் அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ, நான் விடாமல் சொல்லுறன்."

"ரிப்போட் எழுதினால் ஆஸ்பத்திரிக்காரன் கேள்வி கேப்பான். கொன்ராக்ற் போகும். உன்ரை வேலையும் போகும், விளங்குதே?"

அதையும் சொன்னேன். எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அவர்கள் முகங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டெஸ்ஸி என்கிற மூத்தவள், விரிப்பு அழுத்தும் இயந்திரத்தில் வேலை செய்பவள், என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஃபோனை நிப்பாட்டச் சொன்னது தமிழ் அன்ரிமார் எண்டு சேர் சொன்னவர். அது உண்மையோ?"

மடிக்கிற மேசையிலிருந்து நிலாணி முன்னுக்கு வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், படிப்புச் செலவுக்கு வேலை செய்பவள், எங்கள் எல்லாரிலும் இளையவள்.

"நோ வே. எங்களிட்டை மூர்த்தி அங்கிள் சொன்னது, நீங்கள் குறைஞ்ச ஆக்களோடை கூட வேலை செய்ய ஓம் எண்டபடியால்தான் எங்கடை நாளை வெட்டினதெண்டு."

ஆளையாள் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு காலமும் ஒரே மைக்ரோவேவில் சோறு சுடவைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு திரிந்த மடைத்தனத்தை நினைக்க எனக்கு அழுகை வரப்பார்த்தது. அழவில்லை. அந்த நேரத்தில் அழுதால் அண்ணை தண்ணீர் கொடுத்து ஆற்றி வேலைக்கு அனுப்பிவிடுவார்.

அப்போது மரிவிக்கின் ஏப்ரனுக்குள் ஃபோன் அதிரத் தொடங்கியது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மூர்த்தி அண்ணைக்குப் பிடி கிடைத்துவிட்டது. "ஆ! ஃபோன். ஏப்ரனுக்குள்ளை ஃபோன். ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டால் ஊசி குத்தாமல் என்ன செய்யும்? பிழை அவளிலை. ரிப்போட் எழுதினால் இதையும் எழுதுவன்."

"அவள் ஃபோனைப் பாக்கேல்லை," என்றேன். "ஃபோன்தான் அவளைப் பாத்தது. எழுதுறதெண்டால் அதையும் எழுதுங்கோ. ஊசியைக் கண்ட சாட்சி ஒண்டு பத்தங்காஸிலை இருக்கு."

மரிவிக் ஃபோனை வெளியே எடுத்தாள். நிறுத்தத்தான் எடுத்திருப்பாள். ஈர விரல் பட்டு அழைப்புத் திறந்துகொண்டது. திரையில் ஜெனலின். பின்னால் சமையலறை, கதவோரத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வளர்த்த நானாயாக இருக்க வேண்டும். எங்கள் எல்லாருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, மகள் ஆங்கிலத்தில் கத்தினாள்.

"என்னை அங்கை கூப்பிடுறதுக்காகவா மம்மி பேசாமல் இருக்கிறாய்? நீ செத்தால் நான் ஆரிட்டை வாறது? எனக்கு நானாய் இருக்கிறா. உன்னை எனக்கு இன்னும் தெரியவே தெரியாது. உன்ரை கையை மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுகொள்ளுறதுக்கு முதல் போய்விடாதை."

டெஸ்ஸி சிலுவை போட்டுக்கொண்டாள். மரிவிக் ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பில்லாத முகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வயது தெரிந்தது, களைப்புத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னுக்குக் கொண்டுவந்து மூர்த்தி அண்ணையின் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"சேர், ரிப்போட் எழுதுங்கோ."

"அப்ப கடிதம் வேண்டாமே உனக்கு?"

"வேணும். கடிதமும் வேணும். ரிப்போட்டும் வேணும். இரண்டும் நான் வேலை செய்து உழைச்சது."

மூர்த்தி அண்ணை எங்களைப் பார்த்தார். டெஸ்ஸி தன் சேர்ட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு ஃபோனை எடுத்து, நின்றுபோன பெல்ட்டின் மேல் வைத்தாள். அதிலும் ஒரு வீடு திறந்து கிடந்தது. இன்னொருத்தி காலுறைக்குள்ளிருந்து எடுத்தாள். பெண்களே, இவ்வளவு பேரும் இவ்வளவு காலமும் வயிற்றிலும் காலிலும் குடும்பத்தைக் கட்டிக்கொண்டா நின்றீர்கள்? நிலாணி தன்னுடையதை வைத்தாள். தமிழ்ப் பெண்கள் தயங்கினார்கள், பிறகு ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். நானும் வைத்தேன்.

"ஃபோன் வைச்சிருந்தது பிழையெண்டால் எல்லாரையும் எழுதுங்கோ," என்றேன். "ஆபத்தான வேலையைச் செய்யமாட்டன் எண்டு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு. கழிப்பறைக்குப் போற வழியிலை அந்த நோட்டீஸை நீங்கள்தான் ஒட்டி வைச்சிருக்கிறியள். நாங்கள் லைனிலை நிக்கேக்கை வாசிக்கிறதுக்கு வேறை ஒண்டும் இல்லை."

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணையின் முகம் கறுத்தது.

துணி தோய்க்கிற வோஷர் இயந்திரங்களின் பக்கத்திலிருந்து சச்சிதானந்தன் அண்ணை வந்தார். லொறியும் அவர்தான் ஓட்டுவார். மூர்த்தி அண்ணையின் ஊர்க்காரர், ஒன்றாகப் படித்தவர், அவரால் இந்த வேலைக்கு வந்தவர். அவர் எந்தப் பக்கம் என்று எங்களில் யாரும் யோசித்ததே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

"நான் பிள்ளையை எமேஜென்சியிலை இறக்கிவிட்டிட்டு வாறன், மூர்த்தி."

"லொறி என்ரை, சச்சி."

"ஓம், லொறி உன்ரை. ஓட்டுறது நான். சுத்தமான துணி போற ஆஸ்பத்திரிக்குத்தானே, துணி தோய்ச்சவளும் போகட்டும்."

நாங்கள் வெளிவாசல் வரை போனோம். பனி தூவிக்கொண்டிருந்தது, கிழக்கே வெளிறத் தொடங்கியிருந்தது. ஊசியைப் போத்தலில் போட்டு மூடி மரிவிக்கிடம் கொடுத்தேன். அவள் லொறியின் முன் ஆசனத்தில் ஏறினாள். ஏப்ரன் இன்னும் கழற்றவில்லை. ஃபோனை அந்தப் பைக்குள் போடப்போனவள், நின்று, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். லொறி திரும்பும்வரை அப்படியே பிடித்திருந்ததைக் கண்டேன்.

மருந்து வேலை செய்யுமா என்று தெரிய மாதங்கள் ஆகும் என்று ஜெனலின் பிறகு எனக்குச் சொன்னாள். கடிதம் வருமா என்று யாருக்கும் தெரியாது. அன்று காலை எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூர்த்தி அண்ணை மேலே தன் கந்தோர் அறைக்குள் போய், கூலிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு ஃபோன் அடித்தார். கண்ணாடிக்குள்ளால் அவர் கை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. கீழே வந்து, "வேறை ஆக்கள் வருகினம். நிக்கிறவை நிக்கலாம், போறவை போகலாம்," என்றார்.

நாங்கள் போகவுமில்லை, பெல்ட்டுக்குத் திரும்பவுமில்லை. தடித்த கையுறையும் முறைப்படி ரிப்போட்டும் வரும்வரை இந்த வாசலில் நிற்பது என்று பேசிக்கொண்டோம். பேசியது எந்த மொழியில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளிரில் கால் விறைத்தது. டெஸ்ஸி ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் தோளையும் நிலாணியின் தோளையும் சேர்த்துச் சுற்றினாள். தோய்த்த போர்வைதான்.

அரை மணித்தியாலத்தில் ஏஜென்சி வான் வந்து நின்றது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள், எங்களைப் போலவே மதியச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. இவர்களும் வீட்டில் யாருக்கோ காசு அனுப்பத்தான் வருகிறார்கள். இவர்களை நான் எந்த வாயால் மறிப்பது?

வான் கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் எந்த நாட்டுக்காரி என்று தெரியவில்லை. என்னைவிட இளையவள். கண்ணில் நித்திரை. பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கையுறை ஒன்று என் பொக்கற்றில் இருந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"உள்ளை ஊசி வருது," என்றேன். "கொஞ்ச நேரத்துக்கு முதல் ஒருத்திக்குக் குத்தினது. உங்களுக்கும் இதைத்தான் தருவினம். தொட்டுப் பாருங்கோ."

அவள் வாங்கி இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மேலே கந்தோர்க் கண்ணாடியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு வானுக்குள் தலையை நீட்டி, எனக்கு விளங்காத ஒரு மொழியில் ஏதோ சொல்லிக் கையுறையை உள்ளே கொடுத்தாள். அது வானுக்குள் ஒவ்வொரு கையாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மட்டும் வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். டெஸ்ஸி போர்வையின் மறு தலைப்பை இழுத்து அவளுக்கும் இடம் விட்டாள்.